திருவனந்தபுரத்தில் எல்லோரும் நலம்

நடந்தவை, வரிசைப்படி:

1. கேரளத்தில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் உடல்நலம் பற்றி அங்குள்ள அரசு கூட்டிய கலந்தாய்வுக்கு மதுரையிலிருந்து போனேன்.

2. அங்கே பேச வேண்டியவள் நான் அல்ல. விதுரை என்ற மலையடிவார ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் இரண்டு நோயாளிகள்.

3. இரண்டு பேர் வந்தார்கள். தங்களுக்கு நோய் எதுவும் இல்லை என்றார்கள்.

4. ஆட்டோ நின்றுபோனது. மீதித் தூரம் நடந்தோம்.

5. கூட்டத்தில் அதிகாரி, சுகமா என்று கேட்டார். சுகம் என்று சொல்லிவிட்டார்கள்.

6. எனக்கு வயிறு கெட்டது.

7. ஆறாவது நடக்காமல் இருந்திருந்தால் விஷயம் ஐந்தாவதோடு முடிந்திருக்கும்.

இனி விவரம். நான் மருத்துவக் கருவிப் பொறியியல் படித்தவள். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளையும் சர்க்கரை பார்க்கும் கருவிகளையும் சரிபார்ப்பது என் வேலை. கருவியிடம் கேட்டால் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் பேட்டரி மாற்ற வேண்டும். மனிதர்களிடம் கேட்கும் வேலை என் சக ஊழியர் வனிதாவுடையது. அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவள் அவள்தான். கலந்தாய்வுக்குத் தேதி வந்த வாரத்திலேயே அவளுக்குப் பிரசவத் தேதியும் வந்தது. அதனால் நான் போனேன்.

கோரிக்கை சிக்கலானதல்ல. சுகாதாரத் துறையின் மருத்துவ வண்டி ஒன்று புதன்கிழமை காலையில் அந்தத் தோட்டத்துக்குப் போகிறது. மலையடிவாரத்தில் தொழிற்சாலை வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் பெண்கள் மலை உச்சியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்தால் கூலி போகும். அதனால் இறங்குவதில்லை. யாரும் வராததால், அங்கே யாருக்கும் நோய் இல்லை என்று துறை முடிவு செய்து, வண்டியை வேறு இடத்துக்கு அனுப்ப இருந்தது. அப்படி நடந்தால் தோட்டத்துக்கு அடுத்த வைத்தியம் விதுரையில். அதற்குப் பேருந்து உண்டு, அது வரும் நாட்களில்.

எங்கள் கோரிக்கை: வண்டி தொடர வேண்டும். ஞாயிறு மதியம் வர வேண்டும், தொழிற்சாலைக்கு அல்ல, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு. வண்டியில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். இதை நான் சொல்வதைவிட சர்க்கரை உள்ள ஒருவரும் பிரஷர் உள்ள ஒருவரும் சொன்னால் எடுபடும் என்று வனிதா ஏற்பாடு செய்திருந்தாள். யார் வருவது என்பதை லயத்தின் முடிவுக்கு விட்டுவிட்டாள்.

காலையில் தம்பானூரில் இறங்கினேன். ரயில் நிலையமும் வெளியூர்ப் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. மதுரையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஆட்டோக்காரர்களின் பிழைப்பு இருக்கிறது. இங்கே ஒரு சாலை மட்டும் இருக்கிறது.

உணவகத்தில் புட்டு கேட்டேன். எங்கள் ஊரில் புட்டு என்றால் இனிப்பு. இங்கே குழாய் வடிவத்தில், கடலைக் கறியோடு வந்தது. குடிக்க வைத்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. யாரோ எதையோ கழுவிய தண்ணீர் என்று நினைத்து டம்ளரை ஓரமாக நகர்த்தினேன். பரிமாறியவர் தென்காசிப் பக்கத்துக்காரர்.

"பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சினது மேடம், குடிங்க. நானும் வந்த புதுசுல கொட்டிட்டேன்."

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

"எம் பொண்டாட்டி மலையாளத்துல திட்டக் கத்துக்கிட்ட அளவுக்கு."

உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அது என் வேலையின் பகுதி. "எங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணும் வராது மேடம்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நன்றாக இருமினார்.

மதியம் பேருந்து நிலையத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தேன். சோர்ந்த முகமும் பழைய சேலையுமாக இரண்டு பேர் இறங்குவார்கள் என்று நானாகவே தீர்மானித்திருந்தேன். அப்படி இறங்கிய பலரிடம் போய், தோட்டத்திலிருந்து வருகிறீர்களா என்று விசாரித்தேன். கடைசியில் பட்டுச் சேலை, கல் பதித்த கம்மல், இரட்டை வடச் சங்கிலி, தலை நிறையப் பூவோடு ஓர் அம்மாள் என் முன்னால் வந்து நின்றார். பின்னால் இன்னொருவர், கொஞ்சம் குள்ளமாக, புதுச் செருப்போடு.

"வனிதா அனுப்பின பொண்ணு நீங்கதானா? நான் பேச்சியம்மா. இவ தங்கம். வண்டி நெடுமங்காட்டுல படுத்துட்டு. அடுத்த வண்டியில நின்னுக்கிட்டே வாரோம். இம்புட்டு ஒல்லியா இருக்கீகளே, உடம்புக்கு எதுவுமா?"

"இல்லக்கா, நல்லா இருக்கேன்."

"நாங்களும் நல்லா இருக்கோம்."

விடுதி அறைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். உங்களில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்கும் இல்லியே" என்றார் பேச்சியம்மாள் அக்கா.

"பிரஷர்?"

"அதெல்லாம் கிழடுகளுக்கு வாறது" என்றார் தங்கம் அக்கா.

எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று புரிந்தது. லயத்தில் ஆள் தேர்ந்தெடுத்தது எப்படி என்று விசாரித்தேன். பேச்சியம்மாள் அக்கா நகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இந்தச் சங்கிலி மூணாம் வீட்டு லீலாவுக்கு உள்ளது. கம்மல் சூப்பர்வைசர் சம்சாரத்துக்கது. சேலை என் மருமவ கல்யாணச் சேலை. இவ செருப்பு இவ நாத்தனாரோடது, கொஞ்சம் சின்னது. தலைநகரத்துக்குப் போறோம்லா? லயத்துல இருந்து ஆளு போகையில நோஞ்சானை அனுப்பினா நாளைக்கு நம்மள எவன் மதிப்பான்?"

நோயாளிகளை அனுப்பச் சொன்ன இடத்துக்கு லயம் தன்னிடமிருந்த மிக ஆரோக்கியமான இருவரை அலங்கரித்து அனுப்பியிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். வனிதாவை அழைத்தேன். அவள் கணவர் எடுத்தார். அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்களாம்.

"அவசரமாங்க?"

"இல்ல, எப்படி இருக்கான்னு கேக்கத்தான்."

"நல்லா இருக்கா" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் வலியசாலை என்ற பழைய தமிழ்த் தெருவுக்குப் போனோம். எங்களுக்கு மொழிபெயர்க்க ஒப்புக்கொண்ட கோமதி அக்கா அங்கே இருக்கிறார். கணக்குத் தணிக்கை செய்பவர். குடும்பம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அந்தத் தெருவில் வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நான்கு வீடுகளில் தும்முகிறார்கள். அவர் மகள் எங்களைத் தமிழில் வரவேற்று, அலைபேசியில் மலையாளத்தில் சண்டை போட்டு, மறுபடி எங்களிடம் தமிழுக்கு வந்தாள். இடையில் மூச்சுகூட விடவில்லை.

சாப்பாட்டின் கடைசியில் போளி வந்தது. பிறகு அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றினார்கள். இனிப்பின்மேல் இனிப்பை ஊற்றுவதை நான் முதல்முறை பார்த்தேன்.

"நல்லாப் பெசைஞ்சு தின்னணும், கேட்டியா மக்ளே. இங்க கல்யாணத்துக்கு இது இல்லேன்னா பந்தியே கெடையாதாக்கும்" என்றார் கோமதி அக்கா.

தங்கம் அக்கா மூன்று போளி சாப்பிட்டார். ஒவ்வொரு போளிக்கும் பேச்சியம்மாள் அக்கா அவரை முறைத்தார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் அக்கா ஊறுகாய்ப் பாட்டிலுக்குக் கை நீட்டும்போதெல்லாம் தங்கம் அக்கா அதைத் தள்ளித் தள்ளி வைத்தார். பழைய சண்டை ஏதோ என்று எடுத்துக்கொண்டேன்.

என் பையில் கருவிகள் இருந்தன. சும்மா பார்ப்போம், விரலை நீட்டுங்கள் என்றேன். பேச்சியம்மாள் அக்கா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "நமக்கு எதுக்கும்மா? சீக்கு உள்ளவங்களுக்குப் பாருங்க." கடைசியில் கோமதி அக்காதான் நீட்டினார். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. கூட்டத்தில் காட்ட அது உதவாது.

மறுநாள் நால்வரும் ஆட்டோவில் கிளம்பினோம். மூன்று பேர்தான் ஏற வேண்டும் என்று ஓட்டுநர் சட்டம் பேசினார். தங்கம் அக்கா அவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "மதுரைக்காரி எடையில்லாதவ, அவளைக் கணக்குல சேக்காண்டாம்னு சொல்லுகா" என்றார் கோமதி அக்கா.

பாதி வழியில் ஊர்வலம் வந்தது. கொடி, முழக்கம், முன்னால் ஒரு போலீஸ் வண்டி. எங்கள் ஊரில் ஊர்வலம் வந்தால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு மலையாளத்தில் அலுத்துக்கொண்டதை கோமதி அக்கா மொழிபெயர்த்தார்: "இவங்க மதியத்துக்குத்தான் வரணும். நேரத்தோட வந்துட்டாங்க. நாட்டுல ஒரு ஒழுங்கே இல்ல."

நடந்தோம். வெயில் அதிகம் இல்லை, ஏற்றம் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஏற்றம் முடிகிற இடத்தில் அடுத்த ஏற்றம் தொடங்குகிறது. மலையில் கூடை சுமப்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை என்று நினைத்து வேகமாக நடந்தேன். தங்கம் அக்கா பின்தங்கினார். திரும்பிப் பார்த்து, கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல, ஊரைப் பாத்துக்கிட்டு வாரேன்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெற்று மதில்.

கூட்டம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். நீளமான மேசை, பிஸ்கட், ஆறிய தேநீர். துறையின் மூத்த அதிகாரி ஓர் அம்மையார். எல்லோரும் மேடம் என்றார்கள். கண்டிப்பானவராக இருப்பார் என்று பயந்தேன். இல்லை, அன்பானவர். அதுதான் பிரச்சினையானது.

நான் படங்கள் காட்டி விளக்கினேன். கோமதி அக்கா மலையாளத்தில் சொன்னார். மேடம் கவனமாகக் கேட்டார். பிறகு இவர்கள் இருவர் பக்கம் திரும்பி, மேசைக்கு மேல் சற்றுச் சாய்ந்து, நெருங்கிய உறவினரை விசாரிப்பதுபோல் கேட்டார்: "சுகமாணோ?"

இருவரும் எழுந்து நின்று கை கூப்பினார்கள்.

"சுகம் மேடம்" என்றார் பேச்சியம்மாள் அக்கா.

"வீட்டில் எல்லோரும்?"

"ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் சுகம்."

"வேலைக்குப் போக முடிகிறதா?"

"ஒரு நாள்கூட விடுகது இல்ல மேடம்" என்றார் தங்கம் அக்கா.

மேடத்துக்கு உண்மையாகவே சந்தோஷம். பக்கத்தில் இருந்த குமாஸ்தா அம்மாள் எழுதிக்கொண்டார். மேடம் தொடர்ந்து பேசியதை கோமதி அக்கா என் காதில் சொன்னார்: "மலைக்காத்துக்கு உண்டான ஆரோக்கியம் முகத்துலயே தெரியுதாம். கடற்கரையில ஒரு குடியிருப்பு இதே வண்டியைக் கேக்காம். அங்க போனா இன்னும் பிரயோஜனமோன்னு யோசிக்கா. நாளைக்குக் கூட்டம் முடியறப்பம் தீர்மானிக்கிறாளாம்."

கடற்கரைக்காரர்கள் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் வண்டி தேவைதான். அவர்கள் உடம்பு சரியில்லாதவர்களையே அழைத்து வந்திருந்தார்கள்.

வெளியே தேநீர்க் கடையில் நான் குரலை உயர்த்தாமல் கேட்டேன். ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள்?

பேச்சியம்மாள் அக்காவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அம்புட்டுப் பெரிய உத்தியோகத்துல இருக்கவங்க, மரியாதையா சுகமான்னு கேக்காங்க. இல்ல மேடம், எனக்கு அது, எனக்கு இதுன்னு அவுக மொகத்துல அடிச்ச மாதிரிச் சொல்ல முடியுமா? எங்க லயத்துல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாக."

"எங்க தெருவுலயும் சொல்ல மாட்டாங்களாக்கும்" என்றார் கோமதி அக்கா.

"நோய் இருந்தால் சொல்லலாமே" என்றேன்.

"இருந்தாச் சொல்லலாம்" என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மாலை தம்பானூரில் ஒரு சின்னக் கடையில் மரவள்ளிக் கிழங்கும் மத்தி மீன் கறியும் சாப்பிட்டோம். கறி சிவப்பாக, புளிப்பாக, நெருப்பாக இருந்தது. தோற்றுப்போன நாளில் எனக்குப் பசி கூடும். இரண்டாம் முறையும் கறி வாங்கினேன். மற்ற இருவரும் அளவாகச் சாப்பிட்டார்கள். இரவில் நடந்தவற்றை வரிசைப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

காலையில் பேச்சியம்மாள் அக்கா கேட்டார். "உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். பக்கத்து மருந்துக் கடை வரை போய் வருகிறேன் என்று கிளம்பினேன். அவரும் கூடவே வந்தார். கடையில் ஓர் இளம்பெண் இருந்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கேட்டேன். யாருக்கு என்றாள். பயணத்தில் கையில் வைத்துக்கொள்ளத்தான் என்றேன்.

பின்னாலிருந்து பேச்சியம்மாள் அக்கா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "கள்ளம் சொல்லுது, மோளே. நேத்து மத்திக் கறியை ஊத்தி ஊத்திச் சாப்பிட்டுது. ராத்திரி பூரா கக்கூசுதான். வாந்தியும் உண்டு. விடியக்காலம் அங்கயே உக்காந்து ஒறங்கிட்டு. மொகத்தைப் பாரு, வெள்ளையா இருக்குதல்லே?" பாதி தமிழ், பாதி மலையாளம். ஆனால் கடையில் நின்றவர்களில் புரியாதவர் யாரும் இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மாதுளம் தோலைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் அது வேண்டாம், கஞ்சி போதும் என்றார். அவர்களுக்குள் விவாதம் தொடங்கியது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். என் உடம்பைப் பற்றி நான் சொன்ன பொய்யையும் அவர் சொன்ன உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு நடந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டேன்.

"அக்கா, தங்கம் அக்காவுக்கு உடம்பு எப்படி?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவளுக்கா? அவளுக்குச் சக்கரை ஏறி வருசக்கணக்காச்சு. வலது கால்ல பெருவிரலுக்கு அடியில அட்டை கடிச்சதைச் சொறிஞ்சு புண்ணாக்கிட்டா. மழைக்காலத்துல வந்தது, இன்னும் ஆறல. நேத்து நீங்க நடக்க வேற வச்சீகல்லா, கட்டின துணியே நனைஞ்சிட்டு. அந்தக் காலோட மூணு போளி தின்னா பாத்தீகளா? நாக்கை அறுக்கணும் அவளுக்கு."

"ஏன் நேத்துக் கூட்டத்துல சொல்லல?"

"அவளைப் பத்தி யாரு கேட்டா? என்னையல்லா கேட்டாக."

அறைக்குப் போனதும் தங்கம் அக்காவைத் தனியே பிடித்தேன். பேச்சியம்மாள் அக்காவுக்கு உடம்பு எப்படி?

"அவளா? பிரஷர் தலைக்கு ஏறி ரெண்டு மட்டம் கொழுந்துக் கூடையோட சாஞ்சிருக்கா. மாத்திரை தீந்து மாசக்கணக்காச்சு. புதன்கிழமை கீழ இறங்குன்னா, கூலிய யாரு தருவான்னு என்கிட்டச் சண்டைக்கு வாரா. ஊறுகாய்ப் பாட்டிலை நான்தான் ஒளிச்சு வைக்கணும். அவ மருமவளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

லயம் சரியான ஆட்களைத்தான் அனுப்பியிருக்கிறது. நகையும் பட்டும் அதற்கு மேல் போட்டது.

உடனே பக்கத்திலிருந்த சின்ன கிளினிக்குக்குத் தங்கம் அக்காவை அழைத்துப் போனோம். மருத்துவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். சுத்தம் செய்து கட்டிவிட்டு, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், தாமதித்தால் காலே போகலாம் என்றார். தங்கம் அக்கா கூட்டம் முடிந்துதான் வருவேன் என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தங்கம் அக்காவைப் பார்த்தேன். "வண்டி போச்சுன்னா என் ஒரு காலா போகும்? லயத்துல எத்தனை காலு இருக்கு" என்றார் அவர். கூட்டம் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரி என்று பேசி முடித்தோம்.

இந்த முறை ஆட்டோ வாசல் வரை போனது.

தீர்மானம் படிக்கத் தொடங்குமுன் நான் கையைத் தூக்கினேன். நேற்று ஒரு கேள்வி விட்டுப்போய்விட்டது, கேட்க அனுமதி வேண்டும் என்றேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் இருக்கையில் உட்கார்ந்தபடியே, எழுந்தால் வயிறு ஒத்துழைக்காது என்பதால், தமிழில் கேட்டேன்.

"பேச்சியம்மாள் அக்கா, தங்கம் அக்காவுக்கு உடம்பு எப்படி?"

காலையில் சொன்ன அத்தனையையும் அவர் சொன்னார். இன்னும் சிலவற்றைச் சேர்த்தார். போளியையும் விடவில்லை. கோமதி அக்கா வரிக்கு வரி மலையாளமாக்கினார். பாதியில் தங்கம் அக்கா எழுந்துவிட்டார்.

"மேடம், இவ மட்டும் என்ன யோக்கியமா? மலையில மயங்கி விழுந்தவளைத் தூக்கிட்டு வந்தது யாரு? சொல்லுடி!"

"நீ மொதல்ல காலைக் காட்டுடி."

"நீ மாத்திரை டப்பாவைக் காட்டு. காலி டப்பாவைக் காட்டு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் கோமதி அக்கா எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "இது அப்படியே மனசிலாகும்னு நினைக்கிறேன் மேடம்" என்றார். மேடத்துக்கு மனசிலாகியிருந்தது. அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, தங்கம் அக்காவின் காலைப் பார்த்தார். காலையில் போட்ட கட்டு அதற்குள் நனையத் தொடங்கியிருந்தது. எதிரே ஒருவர் கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"லயத்தில் வேறு யாருக்காவது?" என்று கேட்டார் மேடம்.

பேச்சியம்மாள் அக்கா கழுத்துச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தார். "இது குடுத்தாளே லீலா, அவளுக்குக் கண்ணு மங்கிட்டு. சக்கரைதான். சொல்ல மாட்டா." கம்மலைத் தொட்டார். "இது சூப்பர்வைசர் சம்சாரம். மாருல ஒரு கட்டி. எங்கிட்ட மட்டும் சொல்லிச்சு." சேலைத் தலைப்பை விரித்தார். "இது என் மருமவ. ரெண்டு பிள்ளை பெத்தா, ரத்தமே இல்ல, நகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு." தங்கம் அக்காவின் செருப்பைக் காட்டினார். "அது இவ நாத்தனார். இருமலு. தீக்குப் பக்கத்துல உக்காந்துதான் ராத்திரி கழியுது அதுக்கு."

அவர்கள் மேல் கிடந்த ஒவ்வொரு பொருளும் ஒரு வீடாக இருந்தது. முந்தின நாள் அதே நகைகளைப் பார்த்துத்தான் எல்லோரும் அவர்களை ஆரோக்கியசாலிகள் என்று முடிவு செய்தோம். நானும்தான்.

மேடம் இருக்கைக்குத் திரும்பினார். நேற்று, தான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபமாக அல்ல, கொஞ்சம் வருத்தத்தோடு. பேச்சியம்மாள் அக்கா பதிலுக்கு அவரைக் கேட்டார். "மேடத்துக்குச் சுகமா?"

"சுகம்" என்றார் மேடம், உடனே.

பக்கத்திலிருந்த குமாஸ்தா அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். மேடத்தின் கைப்பையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க சேச்சி" என்றார் பேச்சியம்மாள் அக்கா.

"பிரஷர் உண்டு" என்றார் குமாஸ்தா அம்மாள், கூரையிடம். "மாத்திரை பையில் இருக்கிறது. பையிலேயேதான் இருக்கிறது."

முதலில் சிரித்தவர் மேடம். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்க அனுமதி கிடைத்ததுபோல் இருந்தது. கடற்கரைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். சிரித்து முடித்து, எங்களுக்கும் ஒரு வண்டி வேண்டும், ஆனால் இவர்களுடையதைப் பிடுங்கித் தரவேண்டாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அது குறிப்பில் ஏறியது.

மதியம் தங்கம் அக்காவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் கூட்டம் வரிசையை உடைத்துக்கொண்டு நிற்கும். இங்கே அதே அளவு கூட்டம் வரிசையாக நிற்கிறது. காத்திருக்கும் நேரம் ஒன்றுதான். துணைக்கு இருக்கப் பேச்சியம்மாள் அக்கா தங்கினார். மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை. பட்டும் நகையுமாக வார்டில் உட்கார்ந்திருந்தவரை, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்தவர் என்று நினைத்தார்கள். கிளம்பும் முன் அவருக்கு அழுத்தம் பார்த்தேன். இந்தமுறை கையை நீட்டினார். என் கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஒரு சீட்டு வாங்கினேன். அவர் மாத்திரை போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, படுத்திருந்த தங்கம் அக்காவிடம் ஒப்படைத்தேன். மிகுந்த உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

இரவு ரயிலில் ஏறினேன். கோமதி அக்கா ரசமும் சோறும் கட்டிக் கொடுத்திருந்தார். எப்படி இருக்கே மக்ளே என்று கேட்டார். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

இப்போதைய நிலை இது. வண்டி நிறுத்தப்படவில்லை. சோதனை முறையில் சில மாதங்களுக்கு ஞாயிறு மதியம் லயத்துக்கே வருகிறது. அதன் பிறகு என்ன என்பது எழுத்தில் இல்லை. தமிழ் தெரிந்த செவிலியர் பற்றிய கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது. கடற்கரைக்கு வேறு வண்டி கேட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்தவர்கள் வீடு வீடாகப் போய்ச் சுகமா என்று கேட்டார்கள். எல்லோரும் சுகம் என்றார்கள். அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கச் சொன்னோம். அதன் பிறகு வண்டிக்கு ஓயாத வேலை. சூப்பர்வைசர் மனைவிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. வனிதாவுக்குப் பெண் குழந்தை. நன்றாக இருப்பதாக அவளே சொன்னாள். அவள் மாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன்.

தங்கம் அக்காவுக்குப் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் இருக்கிறது. நேற்று அழைத்தேன். நல்லா இருக்கேன் என்றார். பேச்சியம்மாள் அக்கா கொழுந்து கிள்ளப் போயிருந்தார். மாலையில் மறுபடி அழைக்க வேண்டும்.